முலாமுக்கு அடியில்: ஒரு நகைப்பெட்டியைச் சோதித்த பதிவு

அக்கா மகளுக்கு ஐந்து வயது. எதையாவது கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சங்கிலியில் தொங்கும் மீன் வடிவ டாலரை எடுத்து வாயில் போட்டுச் சப்புவது அவளுடைய பழக்கம். ஒருநாள் குளிப்பாட்டுவதற்காக அந்தச் சங்கிலியைக் கழற்றியபோது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்த மீன் உள்ளங்கையில் இவ்வளவு கனமாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. வாலின் ஓரத்தில் பொன்னிற முலாம் தேய்ந்து சாம்பல் நிறமும் தெரிந்தது. அன்றே அதைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுடையதும் எங்களுடையதுமாக வீட்டிலிருந்த முலாம் பூசிய தோடு, வளையல், மோதிரம், சங்கிலி, தொங்கல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டினேன். மொத்தம் 27 இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த நான்கு வார வேலையை, தவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்வது இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அதனால் பெரிய தீங்கு இல்லை. நான் தேடியது காரீயத்தை. இந்தப் பதிவில் ஈயம் என்று நான் எழுதும் இடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும். அதோடு காட்மியத்தையும் நிக்கலையும் தேடினேன். நிக்கல் மற்ற இரண்டையும் போல உடலில் சேர்ந்து நஞ்சாவதால் அல்ல, தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதால் பட்டியலில் இடம்பெற்றது.

ஈயம் கலந்த நகையை அணிந்தாலே அது தோல் வழியாக உடலுக்குள் இறங்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உலோக ஈயம் தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகிறது. வாயில் வைப்பது, தொட்ட கையோடு உண்பது, விழுங்கிவிடுவது ஆகியவையே அது உடலுக்குள் நுழையும் உண்மையான வழிகள். பெரியவர்களின் குடல், உட்சென்ற ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும் என்றால், சிறு குழந்தைகளின் குடல் பாதியளவுகூட உறிஞ்சிவிடும். உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் பல பத்தாண்டுகளுக்குச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இதய வடிவத் தொங்கல் ஒன்றை விழுங்கி இறந்துபோனான். அந்தத் தொங்கலில் 99.1 சதவீதம் ஈயம் இருந்தது. அவனுடைய இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் ஈயம் ஏறியிருந்தது. இரைப்பையின் அமிலத்தில் ஊறும் ஒரு சிறிய உலோகத்துண்டு இவ்வளவு செய்யும் என்பதைப் படித்த பிறகு, வாயில் போகக்கூடிய பொருள் எதையும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கனம்தான் முதல் சந்தேகத்தைக் கொடுத்தது என்பதால் அடர்த்தியிலிருந்து தொடங்கினேன். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு ஒன்று போதும். நகையை முதலில் அப்படியே எடை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையைத் தராசின் மேல் வைத்து அளவைச் சுழியமாக்கி, நகையை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், நகை விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். மீனின் எடை 14.62 கிராம். முதல் முறை தராசு 1.44 என்று காட்டியது. மீனின் செதில் கோடுகளில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்ததைக் கவனித்து, தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, மென்மையான தூரிகையால் கோடுகளை நீவிய பிறகு அது 1.36க்கு இறங்கி, அதன்பின் எத்தனை முறை செய்தாலும் அங்கேயே நின்றது. அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10.7 கிராம் என்று வந்தது.

மலிவான வார்ப்பு நகைகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவை. அவற்றின் அடர்த்தி 6.6 அல்லது 6.7 இருக்கும். வெள்ளீயம் 7.3, பித்தளை 8.5 அளவில், செம்பு 8.96. ஈயம் 11.34. ஆனால் வெள்ளி 10.49. என் தராசின் பிழை மீனின் அடர்த்தியில் 0.1 முதல் 0.2 வரை மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதால், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை மட்டும் காட்டி என்னால் மறுக்க முடியாது. சிறிய நகைகளில் இந்த முறை இன்னும் பலவீனமானது. 0.84 கிராம் எடையுள்ள ஒரு கம்மல் 0.12 கிராம் தண்ணீரை விலக்கியது. கடைசி இலக்கம் ஒன்று மேலோ கீழோ போனாலே விடை 6.5க்கும் 7.6க்கும் இடையில் அலைகிறது. அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல இயலாது. எனவே ஐந்து கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு அடர்த்திக் கணக்கை விட்டுவிட்டேன்.

அடுத்தது நிறச்சோதனை. ஈயத்துக்கு ரோடிசோனேட் என்னும் சாயம் பயன்படுகிறது. மென் அமிலம் உலோகத்தின் மேற்பரப்பைச் சற்றே கரைக்க, கரைந்து வரும் ஈயம் மஞ்சள் சாயத்தோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகவோ அடர் சிவப்பாகவோ மாறும். கலந்து வைத்த கரைசல் விரைவில் கெட்டுவிடுவதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். கெட்ட கரைசல் எதிலும் நிறம் காட்டாது. அதை ஈயம் இல்லை என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும், ஈயம் கலந்த பழைய பற்றவைப்புக் கம்பி (சால்டர்) ஒன்றில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து அது சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மாலையில் கம்பியில்கூட நிறம் வரவில்லை. அன்று பிற்பகல் சோதித்த ஆறு நகைகளையும் மறுநாள் திரும்பச் செய்ய நேர்ந்தது.

மீனின் வயிற்றில் முப்பது விநாடி தேய்த்தேன், நிறம் இல்லை. இடம் மாற்றி இருமுறை தேய்த்தும் இல்லை. முலாம் தேய்ந்து சாம்பல் தெரிந்த வாலில் தேய்த்தால் அடி உலோகம் அகப்பட்டுவிடும் என்று நம்பினேன். அங்கும் பஞ்சு மஞ்சளாகவே இருந்தது. ஒருவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, இத்தனை முறை சோதித்தாயிற்று, நல்ல நகைதான் என்று குழந்தையின் கழுத்தில் திரும்ப மாட்டியிருந்தால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். அடர்த்தி எண் மட்டும் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்ததால்தான் நான் நிறுத்தவில்லை.

நிக்கலுக்கான சோதனையை அதே வாலில் செய்தபோது குழப்பம் தெளிந்தது. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலில் ஒரு துளியும் அம்மோனியாவில் ஒரு துளியும் பஞ்சில் விட்டுத் தேய்த்தால் நிக்கல் இருக்கும் இடத்தில் ரோஜா நிறம் வரும். பஞ்சு சில விநாடிகளில் ரோஜா நிறமானது. நான் அடி உலோகம் என்று எண்ணிய சாம்பல் நிறம் நிக்கல் பூச்சு. பொன்முலாம் நேரடியாக அடி உலோகத்தின் மேல் உட்காருவதில்லை. மேலே கண்ணுக்குத் தெரிவது மிக மெல்லிய பொன் படலம், அதற்குக் கீழே பளபளப்புக்கு நிக்கல், அதற்கும் கீழே பிடிமானத்துக்குச் செம்பு என்று அடுக்கடுக்காக இருப்பது வழக்கம். நிறச்சோதனை தொட்டுப் பார்ப்பது மேலிருக்கும் அடுக்கை மட்டுமே.

ஆகவே கீற வேண்டியிருந்தது. கையுறை அணிந்து, தட்டில் நனைந்த காகிதத் துண்டுகளை விரித்து, மீனின் பின்புறத்தில் வளையத்துக்கு அருகே ஒரு சிறிய அரத்தால் அராவினேன். அரத்தையும் நகையையும் ஈரமாகவே வைத்திருந்தேன், ஏனெனில் உலர்ந்த ஈயப்பொடி நகையைவிட ஆபத்தானது. மூச்சிலும் மேசையிலும் சேர்ந்துவிடும். முதல் இரண்டு இழுப்பில் பொன்னிறம் போய் வெண்மை தெரிந்தது. நான்காவது இழுப்பில் செம்பின் சிவப்புக் கோடு ஒன்று, மயிரிழை அகலத்தில், தெரிந்து மறைந்தது. அதற்கு அடியில் அரம் திடீரென்று வழுக்காமல், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அரத்தின் பற்களில் மென்மையான உலோகம் அப்பிக்கொண்டது. வெளிப்பட்ட இடம் அப்போது வெள்ளியைப் போல மின்னியது. புதுப் பஞ்சை வைத்த மூன்றாம் விநாடியில் அது சிவந்தது. அராவிய முனையை வெள்ளைத்தாளில் இழுத்தேன், பென்சில் கோடு போல சாம்பல் கோடு விழுந்தது. வெள்ளி சாதாரணத் தாளில் அப்படி எழுதாது. மறுநாள் காலையில் பார்த்தபோது மின்னிய இடம் மங்கி நீலச் சாம்பலாகியிருந்தது.

அதன்பின் 27 நகைகளையும் மறைவான ஓரிடத்தில் கீறித் திரும்பச் சோதித்தேன். கீறாமல் சோதித்தபோது ஈயம் காட்டியது ஒன்றே ஒன்று, ஒரு சங்கிலியின் கொக்கியில் இருந்த பற்றவைப்பு. கீறிய பிறகு அந்த எண்ணிக்கை நான்கானது. சிவப்பு நிறப் பூச்சுள்ள பாசிமணிகளில் சாயமே பஞ்சில் இறங்கி ஏமாற்றியது; அப்படிப்பட்டவற்றை முதலில் வெறும் அமிலம் தோய்ந்த பஞ்சால் தேய்த்து, சாயம் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகே ரோடிசோனேட்டுக்குப் போக வேண்டும். நிக்கல் ஒன்பது நகைகளில் தெரிந்தது. துருப்பிடிக்காத எஃகில் செய்த இரண்டு தோடுகளின் தண்டுகளில் நிக்கல் கலந்திருப்பது உறுதி என்றாலும் அவை நிறம் காட்டவில்லை. காரணம், அது உலோகத்துக்குள் பிணைந்திருக்கிறது, வெளியே கசிவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதியும் நிக்கலின் அளவைப் பார்ப்பதில்லை, கசிவைத்தான் பார்க்கிறது: தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களில் வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், காது மூக்கு குத்திய துளைக்குள் போகும் தண்டுகளில் 0.2.

காட்மியத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அமிலத்தில் கரைத்து சல்பைடு சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு வரும் என்பது வேதியியல் பாடம். ஆனால் அமிலமும் சல்பைடும் சேரும்போது எழும் ஐதரசன் சல்பைடு வாயு நஞ்சு என்பதால் அதை வீட்டில் செய்ய எண்ணவே இல்லை. உருக்கிப் பார்க்கும் யோசனையையும் யாரும் கிட்டே சேர்க்க வேண்டாம். காட்மியம் 321 டிகிரியில் உருகி, சூடு கூடும்போது புகையாகிறது, அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நுரையீரல் வெந்து இறந்திருக்கிறார்கள். நகை பற்றவைக்கும் தொழிலில் காட்மியம் கலந்த பற்றவைப்பு உலோகத்தை ஒதுக்க நேர்ந்ததற்கும் இதுவே காரணம். ஈயம், நிக்கல், அடர்த்தி ஆகிய மூன்று சோதனைகளையும் முடித்த நிலையில், சந்தேகமானவற்றையும் சந்தேகமே இல்லாதவற்றில் சிலவற்றையும் சேர்த்து எட்டு நகைகளை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வைத்திருக்கும் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன்.

இந்தக் கருவி நகையின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஆற்றலை அளக்கும் அலகு கிலோ எலக்ட்ரான்வோல்ட். திரையில் வரும் வரைபடத்தில் ஈயம் 10.5, 12.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் இரண்டு முகடுகளைக் காட்டும், காட்மியம் 23.2இல் காட்டும். மீனை முலாம் இருந்த பக்கமாக வைத்தபோது கருவி செம்பும் நிக்கலும் பொன்னும் பெரும்பகுதி, ஈயம் 11 சதவீதம் என்று அச்சிட்டது. கருவியை இயக்கியவர் எண்ணைப் பார்க்காமல் திரையிலிருந்த முகடுகளைக் காட்டினார். "இரண்டு முகடும் ஏறக்குறைய சம உயரத்தில் இருக்க வேண்டும். இதில் முதலாவது பாதியாகக் குட்டையாகிவிட்டது பாருங்கள். ஈயம் மேலே இல்லை, அடியில் புதைந்திருக்கிறது" என்றார். ஆற்றல் குறைந்த கதிர் செம்புப் பூச்சைக் கடந்து வரும்போது அதிகமாகத் தேய்ந்துவிடுகிறது; சில மைக்ரோமீட்டர் செம்பே அதைப் பாதியாக்கிவிடப் போதும். நகை முழுவதும் ஒரே கலவை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும் கருவிக்கு இந்த அடுக்கு தெரியாது. அராவிய இடத்தில் வைத்தபோது ஈயம் 91 சதவீதம், ஆன்டிமனி 6, வெள்ளீயம் 3 என்று வந்தது. அந்தக் கலவைக்கு அடர்த்தியைக் கணக்கிட்டால் 10.7 வருகிறது, குவளைத் தண்ணீரில் கிடைத்த எண்ணோடு அது ஒத்துப்போனதில் எனக்கு உண்டான நிறைவை மறைக்க விரும்பவில்லை.

அந்த நிறைவு அடுத்த நகையோடு போய்விட்டது. கைச்சங்கிலியில் தொங்கும் சிறிய நட்சத்திரம் ஒன்றை, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரியாக இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். அதில் ஈயச்சோதனை கீறிய பிறகும் நிறம் காட்டவில்லை, நிக்கலும் இல்லை, அடர்த்தி 7.6. துத்தநாகத்துக்கும் பித்தளைக்கும் இடைப்பட்ட ஏதோ சாதாரணக் கலவை என்று எழுதி, குழந்தை அணியத்தக்கவை என்ற டப்பாவில் நானே போட்டிருந்தேன். கருவித் திரையில் 23.2இல் முகடு ஓங்கி எழுந்தது. காட்மியம் 38 சதவீதம், மிச்சம் துத்தநாகம். ஐரோப்பிய ஒன்றியம் நகைகளுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு எடையில் 0.01 சதவீதம், ஈயத்துக்கு 0.05 சதவீதம். என் மூன்று சோதனைகளும் சரியாகவே வேலை செய்தன. அவற்றில் எதுவும் காட்மியத்தைத் தேடும் சோதனை அல்ல, அவ்வளவுதான். கிடைக்காததைக் கண்டு இல்லை என்று எழுதியது என் கை. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகும். வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து, "ஈயமும் நிக்கலும் தென்படவில்லை, காட்மியம் பார்க்கப்படவில்லை" என்று புதிதாக எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து அந்த டப்பாவிலிருந்து குழந்தைக்கு எதுவும் போகவில்லை.

எட்டில் ஒன்று கண்ணாடிக்கல் பதித்த மோதிரம். கல்லில் மட்டும் கருவி 20 சதவீதத்துக்கு மேல் ஈயம் காட்டியது. பளிங்குக் கண்ணாடிக்கு மினுக்கம் தருவது அதில் கலந்திருக்கும் ஈய ஆக்சைடு. அது கண்ணாடிக்குள் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறுவதில்லை. கல்லை வினிகரில் ஒரு மணிநேரம் ஊறவைத்துச் சோதித்தும் பஞ்சு நிறம் மாறவில்லை. இரைப்பையின் அமிலம் வினிகரைவிடக் கடுமையானது என்பதால் குழந்தைக்குத் தருவதற்கில்லை. நான் அணிந்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். மற்றவற்றின் முடிவுகளில் சொல்லும்படி புதிதாக ஒன்றும் இல்லை.

வேலை முடிந்ததும் நனைந்த காகிதங்கள், கையுறைகள், அரம் எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டு இறுகக் கட்டினேன். மேசையை ஈரத்துணியால் இருமுறை துடைத்தேன். பெருக்கவோ தூசியுறிஞ்சியால் இழுக்கவோ இல்லை. ஈயம் தெரிந்த நான்கும் காட்மிய நட்சத்திரமும் அந்தப் பையோடு, பழைய மின்கலங்களைப் போல, அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்குப் போயின. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. அந்த யாரோவின் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும் என்று சொன்னேன், பேச்சு நின்றது.

மீனின் அராவிய பக்கம் சிவந்த அன்றே அக்காவிடம் சொல்லி, குழந்தையின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் செய்திருந்தோம். டெசிலிட்டருக்கு 4.1 மைக்ரோகிராம் என்று வந்தது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்குக் கண்டறியப்படவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5ஐ எட்டிய குழந்தைகளைக் கவனித்துத் தொடர்ந்து சோதிக்கச் சொல்கிறது. மருந்து தேவையில்லை, ஈயம் வந்த வழியை அடைத்தால் போதும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவைத்தார். இரத்தத்திலிருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும், எலும்பிலிருப்பது மெல்லத் திரும்பி வரும் என்பதால் எண் முழுவதுமாக இறங்கிவிடாது என்றும் அவரே சொன்னார்.

"சித்தி, என் மீனை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று அவள் தினமும் கேட்டாள். எஃகில் செய்த வேறொரு மீனை வாங்கி, முன்பு செய்ததைத் திருப்பிப்போட்டு, முதலில் பின்புறத்தைக் கீறிவிட்டு, அதன்பின் தண்ணீரில் தொங்கவிட்டு, பஞ்சு தேய்த்து, கடைசியாக அதே கருவியிலும் வைத்தேன். அடர்த்தி 7.9, இரும்பு, குரோமியம், நிக்கல், ஈயமும் காட்மியமும் இருக்க வேண்டிய இடங்களில் முகடே இல்லை, நிக்கலுக்குப் பஞ்சும் நிறம் மாறவில்லை. அவள் அதை வாங்கியதும் முதலில் செய்தது வாயில் வைத்ததுதான். மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தச் சோதனையில் 2.6 என்று வந்தது. இன்னொரு முறை ஆறு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.